தொண்டை கரகரக்குதா? சளியை முதல் நாளே சமாளிக்கும் சீன வைத்தியம்... எது ஓ.கே, எது உஷார்?

காலையில் எழுந்து எச்சில் விழுங்கும்போது தொண்டையில் லேசா ஒரு உறுத்தல். பத்து மணிக்கு ரெண்டு தும்மல். மதியம் ஏ.சி-க்குக் கீழே உட்கார்ந்தா முதுகுல சில்லுனு ஒரு சிலிர்ப்பு. 'சளி பிடிக்கப்போகுது'னு உங்களுக்கே தெரிஞ்சுடும். நாளைக்கு இன்டர்வியூவோ, எக்ஸாமோ இருந்தா டென்ஷன் இன்னும் ஏறும்.

'பிடிச்சுடுச்சு'ன்னு ஆகுறதுக்கு முன்னாடி வர்ற இந்த ஒரு நாளைத்தான் சீனப் பாரம்பர்ய மருத்துவம் ரொம்ப முக்கியமா எடுத்துக்குது. அந்த நாளுக்குன்னு கஷாயம், கஞ்சி, அழுத்த வேண்டிய புள்ளிகள்னு பெரிய பட்டியலே வெச்சிருக்கு. அதுல பாதி உங்க சமையலறையிலேயே இருக்கு. மீதிப் பாதி பாக்கெட்டிலும் மாத்திரை அட்டையிலும் வருது. முதல் பாதியைத் தைரியமா செய்யலாம். ரெண்டாவது பாதியில் கண்ணை நல்லா திறந்து வெச்சுக்கணும். ஏன்னு பார்க்கலாம்.

'காத்து'தான் வில்லன்!

சீன மருத்துவத்தில் சளிக்கு முதல் காரணமா சொல்றது 'ஃபெங்', அதாவது காற்று. இந்தக் காற்று தனியா வராது. குளிரையோ, வெப்பத்தையோ கூட்டிக்கிட்டு பின்கழுத்து, தோல், மூக்கு வழியா உள்ளே நுழையும்னு நம்பினாங்க. முதல் நாளில் அது உடம்பின் 'மேற்பரப்பில்' மட்டும்தான் இருக்கும். அப்பவே லேசா வியர்க்கவெச்சு வெளியே தள்ளிட்டா, ஆழமா இறங்காது. முதல் நாளுக்கு அவ்வளவு முக்கியத்துவம் வந்தது இதனாலதான்.

இன்னிக்கு நமக்குத் தெரியும், சளிக்குக் காரணம் வைரஸ்கள். ரைனோ வைரஸ் உட்பட 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கு. ஆனா, இந்தக் கணக்கை எழுதிவெச்ச காலத்துல மைக்ராஸ்கோப் கிடையாது. கண்ணால் பார்த்ததையும், நோயாளி சொன்னதையும் வெச்சுத்தான் கணக்கு போட்டாங்க.

அந்தக் கணக்கை முதன்முதலில் ஒழுங்கா எழுதிவெச்சவர்களில் முக்கியமானவர், ஜாங் ஜோங்ஜிங். சுமார் 1,800 வருஷங்களுக்கு முன்னாடி, ஹான் வம்ச ஆட்சியின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த மருத்துவர். 200 பேருக்கு மேல் இருந்த தன் குடும்பத்தில் மூணுல ரெண்டு பங்கு பேர் பத்து வருஷத்துக்குள் இறந்துபோனதாகவும், அவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது குளிரால் வரும் காய்ச்சல்தான் என்றும் தன் முன்னுரையில் எழுதியிருக்கார். அந்தத் துக்கத்தில் பிறந்த புத்தகம்தான் 'ஷாங் ஹான் லுன்'. சீன மருத்துவம் படிக்கிறவங்க இன்னிக்கும் இதைப் படிக்கிறாங்க.

உங்களுக்கு வந்திருப்பது குளிர் சளியா, சூட்டுச் சளியா?

சீன வைத்தியர்கிட்ட போனா, உடனே மருந்து தர மாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார், நாடி பார்ப்பார், 'குளிருதா, சுடுதா?'னு கேட்பார். ஏன்னா, ஒருத்தருக்குக் கொடுக்கிற கஷாயம் இன்னொருத்தருக்கு ஆகாதுங்கிறது அவங்க கணக்கு.

குளிர் வகை: காய்ச்சலைவிடக் குளிர் நடுக்கம் அதிகமா இருக்கும். மூக்கில் தண்ணி மாதிரி ஒழுகும். தொண்டையில் அரிப்பு, உடம்பு வலி, பின்கழுத்துப் பிடிப்பு இருக்கும். நாக்கில் மெல்லிய வெள்ளைப் படிவு தெரியும். இவங்களுக்கு இஞ்சி, வெங்காயத்தாள், பட்டை மாதிரி சூடேற்றும் பொருள்கள்.

சூட்டு வகை: குளிரைவிடக் காய்ச்சல் அதிகம். தொண்டை சிவந்து எரியும். தாகம் எடுக்கும். சளி கெட்டியா, மஞ்சளா வரும். நாக்கின் நுனி சிவந்திருக்கும். இவங்களுக்குப் புதினா, சாமந்திப்பூ டீ மாதிரி குளிர்ச்சிப் பொருள்கள்.

இந்தப் பிரிவு நவீன மருத்துவத்தின் பரிசோதனை முறை இல்லை. 'மஞ்சள் சளின்னா பாக்டீரியா, ஆன்டிபயாடிக் போட்டாகணும்'னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. சாதாரண வைரஸ் சளியிலும் ரெண்டு மூணு நாளில் சளி மஞ்சளாகும். ஆனா, வீட்டு வைத்தியத்தைத் தேர்ந்தெடுக்க இந்தப் பிரிவு உதவும். தொண்டை எரியிறவங்களுக்குக் காரமான இஞ்சித் தண்ணி இன்னும் எரிச்சலைத்தான் தரும், இல்லையா?

முதல் நாள் ஃபார்முலா: கஷாயம், கஞ்சி, போர்வை

'ஷாங் ஹான் லுன்' நூலின் பிரபலமான கஷாயம், 'குய் ஜி டாங்'. பட்டை மரத்தின் இளங்குச்சி, வெண் பியோனி வேர், அதிமதுரம், இஞ்சி, சிவப்புப் பேரீச்சை மாதிரி இருக்கும் ஜுஜுபி பழம். மொத்தம் அஞ்சே பொருள்.

கஷாயத்தைவிட சுவாரஸ்யம், அதைக் குடிச்ச பிறகு என்ன செய்யணும்னு ஜாங் சொல்றதுதான். கொஞ்ச நேரம் கழிச்சு, சூடான நீர்த்த அரிசிக் கஞ்சி குடிக்கணும். ரெண்டு மணி நேரம் போல போர்வை போர்த்திக்கணும். உடம்பு முழுக்க லேசா ஈரம் கசியுற மாதிரி வியர்க்கணும், தண்ணியா கொட்டக் கூடாது. ஒரே வேளையில் வியர்த்து உடம்பு சரியாயிட்டா, மீதிக் கஷாயத்தைக் குடிக்காம நிறுத்திடணும். அன்னிக்குப் பச்சையான, குளிர்ந்த உணவு, இறைச்சி, மது, பால் சார்ந்த பொருள்கள் வேண்டாம்.

'நிறுத்திடணும்'ங்கிற வார்த்தையை கவனிச்சீங்களா? '30 நாள் கோர்ஸ்'னு விற்கிற காலத்துல, 'சரியாயிட்டா போதும்'னு எழுதிவெச்சிருக்கார்.

இன்னொரு விஷயம். ஹாங்காங், சிங்கப்பூர் ஹோட்டல் மெனுக்களில் இந்த அரிசிக் கஞ்சிக்கு ஆங்கிலத்தில் 'காஞ்ஜீ'ன்னு பேர் போட்டிருப்பாங்க. சீன மொழியில் அதுக்குப் பேர் 'ஜோவ்'. ஆங்கிலப் பெயர் போனது நம்ம 'கஞ்சி'யிலிருந்துதான்!

வீட்டிலேயே செய்யலாம்... நாலு ரெசிப்பி

1. இஞ்சி - நாட்டுச் சர்க்கரைத் தண்ணி (குளிர் வகைக்கு)
கட்டைவிரல் நீளத்துக்குப் பச்சை இஞ்சியை மெல்லிசா நறுக்கி, ஒன்றரை டம்ளர் தண்ணியில் பத்து நிமிஷம் கொதிக்கவிடுங்க. ரெண்டு டீஸ்பூன் நாட்டுச் சர்க்கரை சேர்த்து, சூடா உறிஞ்சிக் குடிங்க. சீனாவில் இதுக்குப் போடுறது 'ஹொங் டாங்' என்கிற சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரை, கிட்டத்தட்ட நம்ம வெல்லம்தான். இஞ்சிக்குப் பதிலா சுக்கு போடலாமானு கேட்டா, சீன வைத்தியர் 'வேண்டாம்'பார். பச்சை இஞ்சி மேற்பரப்புக் குளிருக்கு, சுக்கு வயித்துக்குள்ளே இருக்கும் குளிருக்குன்னு ரெண்டையும் தனித்தனி மருந்தாத்தான் பார்க்கிறாங்க.

2. வெங்காயத்தாள் கஷாயம் (தும்மல் ஆரம்பிச்ச உடனே)
வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி நாலு, இஞ்சி மூணு துண்டு. ரெண்டு டம்ளர் தண்ணியில் அஞ்சு நிமிஷம் மட்டும் கொதிக்கவெச்சு வடிகட்டிக் குடிங்க. ரொம்ப நேரம் கொதிச்சா வாசனை போயிடும். இதன் மூலவடிவத்தில் இஞ்சிக்குப் பதிலா, புளிக்கவெச்ச கறுப்பு சோயா சேர்ப்பாங்க. 4-ம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில் இது இருக்கு. அதே கையேட்டில் இருந்த ஒரு குறிப்புதான், மலேரியா மருந்தான ஆர்டெமிசினினைக் கண்டுபிடிக்க து யூயூவுக்கு வழிகாட்டியது. அதுக்காக 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. அதுக்காக அந்த நூலில் இருக்கிற எல்லாமே நிரூபணமானதுன்னு அர்த்தம் இல்லை. ஆர்டெமிசினின்கூட ஆய்வகத்தில் பிரிச்செடுத்து, சோதிச்ச பிறகுதான் மருந்தாச்சு.

3. புதினா - சாமந்திப்பூ டீ (சூட்டு வகைக்கு)
பத்துப் புதினா இலை, கடையில் டீக்குன்னே விற்கிற உலர்ந்த சாமந்திப்பூ அஞ்சாறு. கொதிச்ச தண்ணியை ஊத்தி மூடி, அஞ்சு நிமிஷம் கழிச்சு வெதுவெதுப்பா குடிங்க. மாலை கட்டுற பூவைப் போடாதீங்க, அதுல பூச்சிமருந்து இருக்கலாம். பூந்தூள் அலர்ஜி இருக்கிறவங்க சாமந்தியைத் தவிர்த்து, புதினா மட்டும் போதும்.

4. பேரிக்காய் - கற்கண்டு (வறட்டு இருமலுக்கு)
இது முதல் நாளுக்கு இல்லை. சளி போன பிறகும் விடாத வறட்டு இருமலுக்கு. பேரிக்காயின் மேல்பகுதியை மூடி மாதிரி வெட்டி, விதையை எடுத்துட்டு, உள்ளே கொஞ்சம் கற்கண்டு போட்டு, இட்லிப் பாத்திரத்தில் அரை மணி நேரம் வேகவைங்க. பழத்தையும் சாறையும் சூடா சாப்பிடுங்க.

ஹாங்காங் டீக்கடைகளில் கோலாவில் இஞ்சி போட்டுக் கொதிக்கவெச்சும் கொடுப்பாங்க. சுவைக்கு ஓ.கே, ஆனா சர்க்கரை அதிகம். சுகர் இருக்கிறவங்க இதையும், மேலே சொன்ன இனிப்பு ரெசிப்பிகளையும் தவிர்க்கணும்.

இதெல்லாம் செய்ய முடியலையா? சிம்பிளா வெந்நீர் குடிங்க. சீனாவில் 'நிறைய வெந்நீர் குடி'ங்கிறது ஒரு ஜோக்காவே ஆகிடுச்சு. தலைவலின்னாலும், வயித்துவலின்னாலும், மனசு சரியில்லைன்னாலும் பாய் ஃபிரெண்டுகள் சொல்ற ஒரே பதில் அதுதானாம்!

விரல் வெச்சு அழுத்துங்க

மூக்கடைப்புக்கு, மூக்குத் துவாரத்தின் ரெண்டு பக்கமும் இருக்கிற பள்ளத்தை ஆள்காட்டி விரலால் ஒரு நிமிஷம் மெதுவா அழுத்தித் தேய்க்கலாம். இந்தப் புள்ளிக்கு 'யிங்ஷியாங்'னு பேர். 'நறுமணத்தை வரவேற்பது'ன்னு அர்த்தம். பின்கழுத்து இறுக்கத்துக்கு, மண்டையோட்டுக்குக் கீழே ரெண்டு பக்கமும் இருக்கிற பள்ளங்களைக் கட்டைவிரலால் அழுத்தலாம். இதுக்கு 'ஃபெங்சி', காற்றுக் குளம்னு பேர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் 'ஹெகு' புள்ளியையும் சளிக்கு அழுத்துவாங்க. கர்ப்பிணிகளுக்கு அதை அழுத்தக் கூடாதுன்னு சீன மருத்துவமே சொல்லுது.

சயின்ஸ் என்ன சொல்லுது?

நேராவே சொல்லிடலாம். சளியைத் தொடக்கத்திலேயே நிறுத்தும்னு நிரூபணமான மருந்து, சீன மருத்துவத்திலும் இல்லை, ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கோக்ரேன் அமைப்பு, சளிக்கான சீன மூலிகைகள் பற்றிய ஆய்வுகளையும் பார்த்தது. ஆய்வுகளின் தரம் போதாததால், எந்த மூலிகையையும் பரிந்துரைக்க முடியலைன்னு சொல்லிடுச்சு.

ஆனா, பாட்டிகள் சொன்னதில் சிலதுக்கு ஆதாரம் இருக்கு. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக சளி ஆய்வு மையம், 2008-ல் சளி பிடிச்ச 30 பேருக்கு ஒரே பழப் பானத்தைச் சூடாகவும், அறை வெப்பநிலையிலும் கொடுத்துப் பார்த்தது. ரெண்டுமே மூக்கொழுகல், இருமல், தும்மலைக் குறைச்சது. தொண்டை வலி, குளிர், சோர்வு ஆகியவற்றில் சூடான பானம் மட்டும்தான் நிம்மதி கொடுத்தது.

அதே மையம் 2005-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு: 90 பேரின் கால்களை 20 நிமிஷம் குளிர்ந்த தண்ணியில் வெச்சாங்க. இன்னொரு 90 பேர் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. அடுத்த நாலஞ்சு நாளில், கால் நனைஞ்ச குழுவில் 13 பேரும், நனையாத குழுவில் 5 பேரும் 'சளி பிடிச்சிருக்கு'ன்னாங்க. அவங்க சொன்னதை வெச்சுத்தான் கணக்கு. யாருக்கும் வைரஸ் டெஸ்ட் எடுக்கலை. ஆனாலும், 'கால் நனையாம பார்த்துக்கோ'ன்னு சொல்ற பாட்டியைச் சிரிச்சுட்டுக் கடந்துபோக முடியாது.

தேனும் இருமலைக் கொஞ்சம் குறைக்கும். ஆனா, ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. பாட்டுலிசம் என்கிற ஆபத்தான பாதிப்பு வரலாம்.

உஷார்: 'மூலிகை' பாக்கெட்டுக்குள்ளே பாராசிட்டமால்!

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். சீனாவுக்கோ, ஹாங்காங்குக்கோ போன ஃபிரெண்டு ஒரு பாக்கெட் கொடுத்து, 'ஹெர்பல்தான், சைடு எஃபெக்ட் இல்லை'ன்னு சொல்லியிருக்கலாம். நம்பறதுக்கு முன்னாடி பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க.

சீனாவில் ரொம்பப் பிரபலமான 'வைட்டமின் சி யின் சியாவ்' மாத்திரையில் மூலிகைகளோடு பாராசிட்டமாலும், குளோர்பெனிரமின் என்கிற அலர்ஜி மருந்தும் இருக்கு. 'கான்மாவ் லிங்' என்கிற சளித் துகள் பாக்கெட்டிலும் இவை ரெண்டும், கூடவே கஃபீனும் இருக்கும். இவை ரகசியக் கலப்படம் இல்லை. அங்கே லேபிளில் போட்டே விற்கிற கூட்டு மருந்துகள். லேபிளை நாம படிக்கிறதில்லை, அதுதான் பிரச்னை.

என்ன ஆகும்? காய்ச்சலுக்கு ஒரு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் போடுறீங்க. 'இது வேற, மூலிகை'ன்னு இந்த மாத்திரையையும் மூணு வேளை போடுறீங்க. தெரியாமலே டோஸ் டபுள் ஆகுது. ஆரோக்கியமான பெரியவங்களுக்கு 24 மணி நேரத்தில் பாராசிட்டமாலின் உச்ச வரம்பு 4 கிராம். மது குடிக்கிறவங்களுக்கும், கல்லீரல் பிரச்னை இருக்கிறவங்களுக்கும், எடை குறைவானவங்களுக்கும் அதைவிடக் குறைவு. வரம்பு தாண்டினா, கல்லீரல் பாதிக்கும். ஆரம்பத்தில் பெருசா எந்த அறிகுறியும் தெரியாதுங்கிறதுதான் பயங்கரம். குளோர்பெனிரமின் தூக்கம் வரவைக்கும், போட்டுட்டு பைக் ஓட்டாதீங்க.

லேபிளில் தேட வேண்டிய பெயர்கள் ரெண்டு: பாராசிட்டமால், அசிட்டமினோஃபென். ரெண்டும் ஒரே மருந்துதான். லேபிள் முழுக்கச் சீன எழுத்தா இருந்தா, மொபைலில் டிரான்ஸ்லேட் கேமரா வெச்சுப் பார்க்கலாம். அதிலும் தெளிவு கிடைக்கலைன்னா, சாப்பிடாதீங்க.

அடுத்தது, 'மா ஹுவாங்' என்கிற எஃபெட்ரா. சீன மருத்துவத்தில் குளிர் சளிக்கான வலுவான மூலிகை. இதிலிருந்து எஃபெட்ரினை 1885-ல் ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் நாகயோஷி பிரிச்செடுத்தார். மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் இதே குடும்பம்தான். வேலை செய்யும், ஆனா ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏத்தும். எஃபெட்ரா சேர்த்த ஊட்டச்சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004-ல் தடை செஞ்சது. கோவிட் நேரத்தில் பலர் தேடி வாங்கிய 'லியன்ஹுவா சிங்வென்' மாத்திரையிலும் மா ஹுவாங் இருக்கு.

அதிமதுரத்தையும் லேசா எடுத்துக்காதீங்க. ரெண்டு நாள் கஷாயத்தில் பிரச்னை இல்லை. வாரக்கணக்கில் தினமும் குடிச்சா, பி.பி ஏறும், ரத்தத்தில் பொட்டாசியம் குறையும்.

யாரெல்லாம் பாக்கெட் பக்கமே போகக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் அம்மாக்கள், குழந்தைகள், பி.பி, இதயம், கல்லீரல், சிறுநீரகப் பிரச்னை இருக்கிறவங்க, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவங்க... இவங்க யாருமே டாக்டரைக் கேட்காம சீனக் கூட்டு மருந்துகளைத் தொடக் கூடாது. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிறவங்க சீன வைத்தியரைப் பார்க்கணும்னா, பதிவு பெற்றவரா தேடிப் போங்க. சிங்கப்பூரில் 2000-ம் ஆண்டுச் சட்டப்படி சீன வைத்தியர்கள் பதிவு செய்துதான் தொழில் செய்யணும். வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு அவர்கிட்டயும் மறைக்காம சொல்லுங்க.

எப்போ டாக்டர்?

சாதாரண சளி, வாரம் பத்து நாளில் தானா போயிடும். ஆனா, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் கஷாயத்தை ஓரமா வெச்சுட்டுக் கிளம்புங்க:

- மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
- காய்ச்சல் ரெண்டு நாளைத் தாண்டுவது, அல்லது விட்டுட்டுத் திரும்ப வருவது
- கண்ணுக்குப் பின்னால் வலி, கடுமையான உடம்பு வலி, தோலில் சிவப்புப் புள்ளிகள், விடாத வாந்தி. மழைக்காலத்தில் இது டெங்குவா இருக்கலாம். இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களா போடாதீங்க
- தண்ணிகூட விழுங்க முடியாத தொண்டை வலி
- குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம்

இன்னிக்கு ராத்திரி என்ன செய்யலாம்?

தொண்டை கரகரப்போட இதைப் படிச்சுக்கிட்டு இருக்கீங்களா? பின்கழுத்தை ஒரு துண்டால் மூடிக்கோங்க. ஒரு டம்ளர் இஞ்சித் தண்ணி, தொண்டை எரிஞ்சா புதினா டீ. அரை மணி நேரம் கழிச்சு சூடா ஒரு கிண்ணம் கஞ்சி. ஏ.சி-யைக் குறைச்சுட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கோங்க. சளி வந்தே தீரும்னா வரும். ஆனா, இந்த ராத்திரி கொஞ்சம் நிம்மதியா தூங்குவீங்க.

அந்தத் தூக்கத்துக்கு போனைக் கீழே வைக்கணும். ஜாங் ஜோங்ஜிங் எழுதாம விட்டது அது ஒண்ணுதான்!